ஏழாம் லேன் சிராஜ் பாய்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, ரெட்டியார்சத்திரத்தில் என் பத்திரக் கடையில் உட்கார்ந்து ஒரு பாகப்பிரிவினைக்கு நான்கெல்லை எழுதிக்கொண்டிருந்தேன். வடக்கெல்லையை முடித்துக் கிழக்குக்கு வந்தபோது கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் சிராஜ் பாயின் தம்பி அனுப்பிய செய்தி வந்தது. அண்ணன் மவுத்தாகிவிட்டார், அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று இரண்டே வரி. காலையில் தோல் மண்டியைத் திறந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். கிழக்கெல்லையில் பக்கத்து நிலத்துக்காரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான் சிராஜுதீன் என்று எழுதிவைத்திருந்ததை, மறுநாள் பத்திரக்காரர் வந்து காட்டிய பிறகுதான் பார்த்தேன்.

அவரை அறியாதவர்கள் கையிலும் இந்த நினைவு மலர் போய்ச் சேரும் என்பதால் ஒரு சொல். திண்டுக்கல் பைபாஸுக்கு அப்பால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்றுதான் எங்கள் ரைபிள் கிளப். பத்து மீட்டர் தூரத்தில் டார்கெட் அட்டை, கையில் ஏர் ரைபிள், ஓர் ஆள் நிற்க ஒரு லேன் என்று மொத்தம் பத்து லேன்கள். ஞாயிறு காலையில் கூடுவோம். பதினைந்து ஆண்டுகளாக நான் ஆறாம் லேன், சிராஜ் பாய் ஏழாம் லேன். நான் கிளப்பின் செயலாளரும்கூட. வேறு யாரும் கேட்காததால் கிடைத்த பதவி அது.

அவர் துப்பாக்கி பிடிக்க வந்தது டாக்டர் சொல்லி. ரத்தக் கொதிப்பு ஏறிக் கிடந்தது, மனசு ஒரு இடத்தில் நிற்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றிருக்கிறார். முதல் நாள் வந்தபோது கைகளை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கழுவி, அத்தரும் பூசியிருந்தார். உப்புத் தோலின் வாடை யாருக்கும் தொந்தரவாகிவிடக் கூடாதாம். இரண்டு மணி நேரம் சுட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "மாப்ள, இந்த ஊர்ல என்னைய யாரும் வெல கேக்காத எடம் இது ஒண்ணுதான்யா. அடுத்த வாரமும் வாரேன்." அன்று முதல் நான் அவருக்கு மாப்ள, அவர் எனக்கு பாய்.

ஒரே வருடத்தில் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சுட்டார். இதை எழுத எனக்கு வருத்தமில்லை, அப்போது இருந்தது. அவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம். அட்டையைத் திருப்பி மாட்டி, வட்டங்கள் இல்லாத வெள்ளைப் பக்கத்தில் சுடுவார். கடைசியில் பார்த்தால் நடுவில் ஒரு கொத்தமல்லி விதை அளவுக்கு எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் துளைத்திருக்கும். எங்கள் உறுப்பினரான பல் டாக்டர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார், "பாய், பத்தா ஒம்பதான்னு தெரியாம எப்படி முன்னேறுறது?" சிராஜ் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார், "பட்ட எடம் எனக்குத் தெரியுது டாக்டரு. அதுக்கு எத்தன மார்க்குன்னு தெரிஞ்சு என்ன செய்யப் போறேன்?"

போட்டிக்குப் போகிறவர்களுக்கு எங்கள் கிளப்பில் ஆளுக்கொரு காரணம். பல் டாக்டருக்குக் கிளினிக் சுவரில் பதக்கத்தோடு ஒரு போட்டோ வேண்டும். விளையாட்டு ஆசிரியை விமலா டீச்சருக்கு, தான் போட்டிக்குப் போகாமல் பிள்ளைகளை மட்டும் போகச் சொல்வது கூச்சமாக இருக்கிறதாம். என் காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். முப்பது வருடமாக ஊரார் சொத்துக்குப் பத்திரம் எழுதுகிறேன். ஒவ்வொரு பத்திரத்திலும் என் பெயர் கடைசிப் பக்கத்தின் அடியில், எழுதியவர் என்ற இடத்தில் வரும். ஏதாவது ஒரு தாளில் என் பெயர் மேலே வர வேண்டும் என்று ஆசை. சின்ன ஆசைதான், ஆனால் வெறி பிடித்த ஆசை.

போகாதவர்களுக்கும் காரணங்கள் உண்டு. கை நடுங்கும், ராத்திரித் தூக்கம் கெடும், தோற்றால் வீட்டில் கிண்டல் செய்வார்கள். சிராஜ் பாயோ கேட்கிறவருக்குத் தகுந்தபடி ஒரு பதில் சொல்வார். பல் டாக்டரிடம், போட்டியில் மாட்டும் அந்தத் தடித்த கோட் மூச்சு முட்டுகிறது என்பார், டாக்டரும் வைத்தியம் சொல்லி மகிழ்வார். விமலா டீச்சரிடம், "நீங்க பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்கம்மா, நான் இங்க கொட்டகையப் பாத்துக்கிறேன்" என்பார். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்.

ஒரே ஒரு முறை அவர் மாவட்டப் போட்டியில் கலந்துகொண்டார். பன்னிரண்டு வருடம் முன்பு, என் நச்சரிப்புத் தாங்காமல். "துணைக்கு வாங்க பாய்" என்று மூன்று ஞாயிறு கெஞ்சினேன். ஆளுக்கு நாற்பது குண்டு, எட்டு அட்டை, அட்டைக்கு ஐந்து. அன்றும் நான் ஆறாம் லேன், அவர் ஏழு. ஆறாவது அட்டையில் அவசரமாகக் குண்டைப் போட்டு, தலையைத் தாழ்த்தி, குறி வைத்துச் சுட்டேன். சுட்ட பிறகுதான் அட்டைக்கு மேலிருந்த எண்ணைப் பார்த்தேன். ஏழு. பக்கத்து அட்டையில் சுட்டிருக்கிறேன். துப்பாக்கி சுடுகிறவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற தவறு இது. கிராஸ் ஃபயர் என்போம். உடனே கையைத் தூக்கி நடுவரிடம் சொல்ல வேண்டும், அந்தக் குண்டு எனக்குப் பூஜ்யமாகும், பக்கத்து ஆளுக்கு ஒரு பாதகமும் வராது.

நான் கையைத் தூக்கவில்லை. நடுவர் இரண்டாம் லேனில் யாரோ ஒருவருடைய சிக்கிய துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு குண்டைப் போட்டு என் அட்டையில் சுட்டேன். என் அட்டையில் கணக்கு சரி. ஏழாம் லேன் அட்டையில் ஆறு ஓட்டை.

மதிப்பெண் போடும் மேசையில் நடுவர் அதைத் தூக்கிக் காட்டிச் சத்தமாகக் கேட்டார், "ஏழாம் லேன் யாருங்க? ஒரு அட்டைக்கு ஆறு குண்டு அடிச்சிருக்கீங்களே?" சிராஜ் பாய் போய் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐந்து ஓட்டைகள் நடுவில், ஒன்று மட்டும் தள்ளி, எட்டு மார்க் வட்டத்தில். நான் நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அது எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. "நாந்தான் அடிச்சிருப்பேன் சார். எண்ணிப் பாக்கல" என்றார். மார்க்கே எண்ணாதவர் குண்டை எங்கே எண்ணப் போகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். விதிப்படி அவருடைய பத்துகளில் ஒன்றைக் கழித்துவிட்டு என் எட்டை அவர் கணக்கில் சேர்த்தார்கள். மாநிலப் போட்டிக்குப் போகும் கடைசி இடத்தை ஒரு புள்ளியில் அவர் இழந்தார். அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

அன்று சாயங்காலமே அவருக்கு ஆறு குண்டு பாய் என்று பெயர் வந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. ஆனாலும் முப்பது வருடம் தோல் எண்ணி வியாபாரம் செய்த மனுஷனை, ஐந்து வரை எண்ணத் தெரியாதவர் என்று பன்னிரண்டு வருடம் கேலி செய்தோம். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும் என்று மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவர் எந்தப் போட்டிக்கும் வரவில்லை. ஏன் என்று கிளப்பில் எத்தனையோ ஊகங்கள் ஓடின. எனக்கு மட்டும் காரணம் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவரிடமிருந்து போட்டியையே நான் பறித்துவிட்டேன். வருடா வருடம் மாவட்டப் போட்டிப் படிவத்தில் அவர் பெயரை நானே எழுதிவைப்பேன். அவர் வந்து பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி, ஸ்கேல் வைத்தது போல ஒரு கோடு போட்டு அடித்துவிடுவார்.

இந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாவது வாரம், மகளுக்கு வீட்டை எழுதி வைப்பதற்காக என் கடைக்கு வந்தார். அங்கே அவர் வருவது அதுதான் முதல் முறை. நான் பத்திரத்தை வாசித்துக்கொண்டிருக்க, அவர் எழுந்து சுவரில் மாட்டியிருந்த என் மாநிலப் போட்டிச் சான்றிதழைப் பார்த்தார். "ஒன் பேரு அழகா விழுந்திருக்கு மாப்ள. கண்ணாடிதான் தூசியாக் கெடக்கு" என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். எனக்கு அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

அவர் துடைத்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தெரியும் மாப்ள."

"என்ன தெரியும்?"

"அந்த எட்டு ஒன்னோடதுன்னு. ஒன் குண்டு எப்பயும் எடது பக்கம் எறங்கித்தான விழும்? வருசக்கணக்கா பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் பாய் நீங்க அடிச்சதாச் சொன்னீங்க?"

"நீ வாயத் தொறப்பன்னு செத்த நேரம் நின்னு பாத்தேன். தொறக்கல. சரி, இவனுக்கு இது என்னமோ அம்புட்டு அவசியமாருக்கு போலன்னு விட்டுட்டேன்."

பன்னிரண்டு வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அதனாலதான் அதுக்கப்பறம் போட்டிக்கே வரலையா?"

"அட போப்பா, நீ என்ன அம்புட்டு பெரிய ஆளா?" என்று சிரித்துவிட்டார். "அன்னைக்கு நாப்பது குண்டும் நான் சுடல மாப்ள, தோல்தான் பாத்தேன். இது மொதத் தரம், இது ரெண்டாந்தரம், இது கழிவுன்னு. ஆறு நாளும் மண்டில அதத்தான செய்றேன்? ஏழாவது நாளும் எதுக்கு? அதான் வரல."

இது முழு உண்மையா, எனக்காகத் தேடியெடுத்துத் தந்த பதிலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கிறவருக்கு ஏற்ற பதிலைத் தருகிறவர் என்று மேலேயே எழுதிவிட்டேன். பாதியாவது உண்மை என்று நம்புகிறேன். அந்த வெள்ளை அட்டைகளைப் பார்த்தவர்கள் நம்பத்தான் செய்வார்கள்.

"ஒரு நாளாச்சும் எங்கிட்டக் கேட்டிருக்கலாமே பாய்" என்றேன்.

"கேட்டா நீ வெக்கப்பட்டுக் கிளப்புக்கே வர மாட்ட. அப்பறம் ஆறாம் லேன் காலியாக் கெடக்கும். பக்கத்துல நிக்க ஒரு ஆளு வேணும்ல?"

பிறகு ஒன்று கேட்டுக்கொண்டார். இதை யாரிடமும் சொல்லக் கூடாது. "இம்புட்டு நாளு ஆறு குண்டு பாய்னு கூப்ட்டவங்கள்லாம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவாங்க? எனக்குத்தான் சங்கடம்" என்றார். நான் தலையாட்டினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு பக்கத்தையும் எண்ணிக்கொண்டே போட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல வந்து என் பக்கத்தில் நின்றார். அதற்கடுத்த ஞாயிறும். பேச்சிலோ பார்வையிலோ எந்த மாற்றமும் இல்லை. மாறியவன் நான்தான். பல வருடம் கழித்து இரண்டு கால்களிலும் சமமாக நின்று சுட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் குழுவில் ஒரு யோசனை வந்தது. அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்தி, ஆறு குண்டு பாய் நினைவுக் கோப்பை கொடுக்கலாம் என்று. அன்போடு சொன்ன யோசனைதான். எல்லோரும் கட்டை விரல் உயர்த்தினார்கள், அழுகிற பொம்மை போட்டார்கள். அறிவிப்பு அச்சாகித் திருத்தத்துக்கு என் மேசைக்கு வந்தது, செயலாளர் கையெழுத்துக்கு இடம் விட்டு. நாலு நாள் அது என் மேசையிலேயே கிடந்தது. போட்டியே வேண்டாம் என்று ஒதுங்கியவர் பெயரில் போட்டி என்பதைக்கூட ஜீரணித்துவிடலாம், கேட்டால் அவரே சிரித்திருப்பார். அந்தப் பட்டப் பெயரைக் கோப்பையில் வெட்டி, அவர் பேரப்பிள்ளைகள் கண்ணில் படும்படி நிரந்தரமாக்குவதற்குக் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. ஏன் முடியாது என்று சொல்லாமல் மறுக்கவும் வழியில்லை. அதனால் அவர் என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரே விஷயத்தை இங்கே மீறியிருக்கிறேன். அவர் இருந்திருந்தால் கோபித்திருப்பார்.

அந்த மாநிலப் போட்டியில் நான் எத்தனையாவதாக வந்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. சான்றிதழைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். அவரிடமிருந்து எனக்கென்று எதையாவது வைத்துக்கொள்ளலாம் என்றால், அவருடைய குறி எனக்கு வரவில்லை, அந்த அமைதியும் வரவில்லை. என் தவறை முழுதாகத் தெரிந்துகொண்டே பன்னிரண்டு வருடம் ஒருவர் என் பக்கத்தில் நின்றார். அது எனக்குக் கிடைத்தது. கிடைக்கத் தகுதியில்லை என்று தெரிந்தும் அதை வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை நான் கிளப்புக்கு வருவேன். ஆறாம் லேனில் நிற்பேன். பக்கத்தில் நிற்பதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.