மூணு பக்கத்தை ஒரு பக்கமாக்கின மத்தியானம்

தொண்ணூறுகளின் நடுவில், துடியலூர் பஸ் ஸ்டாப் பக்கத்துல நடந்தது இது. நான் எம்.எஸ்ஸி. தாவரவியல் முடிச்ச கையோட, மேட்டுப்பாளையம் பக்கம் பாக்குத் தோப்பு வெச்சிருக்கற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். மகள் பிறந்து, நாலு வருஷமும் ஓடிப்போச்சு. பி.எச்டி. ஆசை மட்டும் போகவே இல்லை. என் நச்சரிப்புத் தாங்காம மாமியார் ஒருநாள், "ஒரே ஒருக்கா எழுதிப் பாரு கண்ணு. கெடைக்கலீன்னா அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கப்படாது, ஆமா"ன்னு சொல்லிட்டாங்க. நானும் தலையாட்டிட்டேன். அந்த ஒரு வாய்ப்புதான் எனக்கு.

வெளிமாநிலத்துல ஒரு பல்கலைக்கழகம். ஏன் ஆராய்ச்சி பண்ண விரும்பறேன்னு விண்ணப்பத்தோட ஒரு கடிதம் வைக்கணும். உட்கார்ந்து உட்கார்ந்து இங்கிலீஷ்ல மூணு பக்கம் எழுதினேன். அன்னைக்கு சாயங்காலத் தபால்ல போனாத்தான் கடைசித் தேதிக்குள்ள சேரும். அதை அடிச்சு வாங்கறதுக்காக வீட்டுக்காரர் மொபெட்ல துடியலூருக்குக் கூட்டிட்டு வந்தார். கம்ப்யூட்டர் சென்டர்ல பாதி அடிக்கறதுக்குள்ள பொசுக்குன்னு கரண்ட் போயிருச்சு. டிரான்ஸ்பார்மர் போயிருச்சாம், இனி ராத்திரிக்குத்தானாம்!

பக்கத்து மாடியில ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்துச்சு. ஓடினோம். அதை நடத்தற அம்மா காகிதத்தைப் புரட்டிப் பார்த்துட்டு, "ஏனுங்க அம்மணி, இப்ப அடுத்த பேட்ச் வந்துருமுங்க. மூணு பக்கமெல்லாம் ஆகாதுங்க. ஒரு பக்கம்னா அடிச்சுத் தாரேன்"னாங்க.

எனக்கு அழுகையே வந்துருச்சு. அழுதா ஆகுமா? பெஞ்சுல உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். எங்க பக்கம் ஒரு காரியமா யார் வீட்டுக்காவது போனா, மழை பேஞ்சுதுங்களா, மாடு கன்னெல்லாம் சௌக்கியமுங்களான்னு விசாரிச்சு, காப்பியும் குடிச்சு, எந்திரிக்கற நேரத்துலதான் வந்த விஷயத்தைச் சொல்லுவோம். எடுத்த எடுப்புல கேட்டா மரியாதை இல்லை. கடிதத்தையும் நான் அப்படியேதான் எழுதி வெச்சிருந்தேன்! முதல் பக்கம் பூரா பல்கலைக்கழகத்தோட பெருமை. அடுத்த பக்கம், தொந்தரவுக்கு மன்னிக்கணும், குடும்பச் சூழ்நிலையால படிப்பு விட்டுப்போச்சு, தாங்கள் பெரிய மனசு பண்ணி... இப்படியே போச்சு. கேட்க வந்த விஷயம் கடைசிப் பக்கத்துல அடியில கெடந்துச்சு.

முதல் ரெண்டு பக்கத்தையும் குறுக்கால கோடு போட்டு அடிச்சேன். வீட்டுக்காரர் பதறிட்டார். "அம்மணி, இது மொட்டையா இருக்குது. திமிரு புடிச்ச பொம்பளைன்னு நெனச்சுக்குவாங்க."

"நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டுங்க. எனக்கு சீட்டு வேணும்"னேன். அவர்கிட்ட அப்படி வெடுக்குன்னு பேசினது அதுதான் முதல் தடவை.

நாலு வருஷம் வீட்டில் இருந்தேன், மகளை வளர்த்தேன்னு ஒளிக்காம எழுதினேன். மழைக்காலம் வந்தா எங்க தோப்புல பாக்குக்காய் அழுகிக் கொட்டுது, வெயில் படற பக்கத்தைவிட நிழல் அடைஞ்ச பக்கத்துல அதிகம், மருந்தடிச்சும் நிக்கலை, ஏன்னு எனக்குத் தெரிஞ்சாகணும், அதுக்குத்தான் இடம் கேட்கறேன். அவ்வளவுதான் கடிதம். அந்தம்மா படபடன்னு பிசகில்லாம அடிச்சுக் கொடுத்தாங்க. நல்லபடியா போயிட்டு வாங்கன்னு வேற சொன்னாங்க. தபாலாபீஸ் சாத்தறதுக்குள்ள போய்ச் சேர்த்துட்டோம்.

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டாங்க. அங்க ஒரு பேராசிரியர் அந்தக் காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு, நிழல் பக்கம்தான் அதிகம்னு எதை வெச்சுச் சொல்றேன்னு கேட்டுத்தான் பேச்சையே ஆரம்பிச்சார். முழுக்க முழுக்கத் தோப்பைப் பத்தியே பேசினோம். கல்யாணம், குழந்தை, விட்டுப்போன வருஷம் எதையும் ஒருத்தரும் கிளறலை. இடம் கெடைச்சுது. நான் சந்தோஷத்துல ஓன்னு அழுதேன்.

இன்னைக்கும் யார்கிட்டயும் மரியாதையில ஒரு குறை வைக்கறதில்லைங்க. ஆனா எனக்கு வேணுங்கறதைக் கேட்கறப்போ, அதுக்காக மன்னிப்பும் சேர்த்துக் கேட்கற பழக்கத்தை மட்டும் அன்னைக்கோட விட்டுட்டேன்.