அக்கா விலைக்கு வாங்காத வீடு

எங்கள் அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இன்று வீட்டுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, முதல் பக்கத்துப் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எழுதும் பொறுப்பை அத்தான் என்னிடம் தந்துவிட்டார். நான் நாகர்கோவிலில் கணக்கு வாத்தியார், கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. மரியாதை கருதி அக்காவை ‘அவர்’ என்று எழுதுகிறேன். நேரில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், உடம்புக்குச் சுகமில்லையா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

அக்கா பிறந்தது பூதப்பாண்டிக்குப் பக்கத்தில். அப்பா அரிசி ஆலையில் வேலை பார்த்தவர், எனக்கு விவரம் தெரியுமுன்பே காலமாகிவிட்டார். அக்கா லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் என்னைப் படிக்க வைத்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். இப்படி எழுதும்போது பாடுபட்டுச் சோர்ந்த ஒரு முகம் உங்கள் மனதில் வரும். அது அக்காவின் முகம் இல்லை. அக்காவுக்குச் சோர்ந்துபோக நேரமே இருந்ததில்லை, எப்போதும் யாரிடமாவது எதையாவது கேட்டுக்கொண்டிருப்பார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் அவர் தொழிலைப் பற்றிக் கேட்க ஆரம்பித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவார். கல்யாண வீட்டில் அவரைத் தேட வேண்டுமென்றால் நேராகச் சமையல் பந்தலுக்குப் போக வேண்டும். அங்கே தலைமைச் சமையல்காரரான தவசுப்பிள்ளையிடம், இத்தனை பேருக்கு உப்பை எப்படி அளக்கிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டு நிற்பார். எதற்கு இதெல்லாம் என்றால் ஒரே பதில்தான். “தெரியல்லன்னா கேக்காண்டாமாலே?”

அத்தானுக்கு வடசேரியில் பாத்திரக்கடை. அதிகம் பேசமாட்டார். அக்கா கேட்பார், அத்தான் பதில் சொல்வார், அப்படியே அவர்கள் குடும்பம் ஓடியது. குழந்தைகள் இல்லை. அத்தானுக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு பிடிவாதம், சொந்த வீடு.

அதற்குக் காரணம் உண்டு. அத்தானின் அப்பா வாடகை வீட்டில்தான் இறந்தார். வீட்டுக்காரர் தன் மகளுக்குக் கல்யாணம் குறித்திருந்ததால், பிரேதத்தை உள்ளே கிடத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, அழுதுகொண்டேதான் கேட்டாராம். தெருவில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே பெஞ்சு போட்டு அத்தானின் அப்பாவைக் கிடத்தினார்கள். மழை வேறு. பதினாறாம் நாள் காரியத்தை ஒரு சொந்தக்காரர் வீட்டில் வைத்துச் செய்தார்கள். அன்றிலிருந்து அத்தானுக்கு, வீடு என்றால் வாழ்கிற இடம் மட்டுமில்லை, செத்தால் உள்ளே கிடத்துகிற இடம். இதை அவர் வெளிப்படையாகச் சொல்லமாட்டார். ஆனால் வாடகை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறிவிடும்.

அக்காவுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பு கிடைத்தது. அத்தான் கடையைத் தன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடவே வரச் சம்மதித்தார். ஆனால் போனவுடன் வீடு வாங்கிவிட வேண்டும் என்றார். நாங்கள் எல்லோரும் அத்தான் பக்கம். வாடகை கொடுத்தால் கடைசியில் கையில் என்ன மிஞ்சும், நாளைக்கு விலை ஏறிவிடும், இப்போதே ஒரு இடத்தைப் பிடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று நான் கரும்பலகையில் எழுதாத குறையாக விளக்கினேன். அக்கா முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, “சாம்பிள் எடுக்காம ரிசல்ட் எழுதச் சொல்லுகியே, நீயெல்லாம் ஒரு வாத்தியாரா?” என்றார். ஒரு மழைக்காலமாவது வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது அவர் கட்சி. அவர் கட்சிதான் ஜெயித்தது.

முதலில் கரமனையில், ஆற்றுக்கு அருகே ஒரு வீட்டில் இருந்தார்கள். அத்தானுக்கு அந்தத் தெரு ரொம்பப் பிடித்துவிட்டது. சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள், வாசலில் கோலம், காலையில் நம் ஊர்க் காப்பி மணம். இந்த வீட்டையே பேசி முடித்துவிடலாம் என்று எனக்குப் போன் செய்தார். அந்த வருஷ மழையில் ஆறு நிறைந்து, சாக்கடைத் தண்ணீர் குளியலறை வழியாக மேலே ஏறி வந்தது. அக்கா ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் எவ்வளவு உயர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அத்தான் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். வீட்டை வாங்கும் பேச்சு அத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடு பார்க்கும் படலம். விடுமுறையில் நானும் போயிருக்கிறேன். ஒரு வீட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதில் அக்காவுக்குத் தனி வழி இருந்தது. புரோக்கர் வரவேற்பறையைக் காட்டும்போது இவர் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலாக, மழையில் எந்தப் பக்கம் ஒழுகும் என்று கேட்பார். தெருவில் மீன் விற்கும் அம்மாவை நிறுத்தி, இந்த வீட்டுக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விசாரிப்பார். இந்த அம்மா வீடு வாங்க வந்திருக்கிறாரா, கேஸ் விசாரிக்க வந்திருக்கிறாரா என்று ஒரு புரோக்கர் என்னிடமே கேட்டார். எனக்கும் அது தெரியாத விஷயம்தான்.

அப்படித்தான் ஒருநாள் பாப்பனங்கோட்டுக்கு உள்ளே, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த வீட்டுக்கு வந்தோம். ஓட்டு வீடு, நல்ல கிணறு, சுற்றிலும் மரங்கள். சொந்தக்காரர் ஒரு சேச்சி. அதே வளாகத்தில் பின்பக்கமுள்ள சின்ன வீட்டில் தனியாக இருந்தார், இன்றும் இருக்கிறார். மகள் பெங்களூரில். முன்வீட்டை விற்றுவிடு என்று மகள் சொன்னதால் விளம்பரம் கொடுத்திருந்தார். அத்தானுக்குப் பார்த்த மாத்திரத்தில் வீடு பிடித்துவிட்டது. வந்தவர்களுக்கு என்று சேச்சி இளநீர் வெட்டித் தந்தார். அத்தான் ஒன்றைக் குடித்துவிட்டு, இவ்வளவு ருசியான இளநீரை நாஞ்சில் நாட்டிலேயே குடித்ததில்லை என்று வாயாரப் புகழ்ந்தார். இன்னொன்றும் வாங்கிக் குடித்தார்.

அக்கா வழக்கம்போலச் சுற்றி வந்துகொண்டிருந்தார். தெற்கு மூலையில் அந்த இளநீர் காய்த்த தென்னை தனியாக நின்றது. அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னத் திண்டு, அதில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கல்விளக்கு. கோயில் மாதிரியும் இல்லை, துளசிமாடமும் இல்லை. இது என்ன என்று அக்கா கேட்டார். சேச்சி சாதாரணமாக, “அது அம்மயாணு” என்றார். அது அம்மா, அவ்வளவுதான் பதில்.

இங்கே அது வழக்கம். வீட்டில் ஒருவர் இறந்தால் தெற்குப் பக்கத்திலேயே தகனம் செய்து, எலும்பை எடுத்து, அந்த இடத்தில் ஒரு தென்னங்கன்றை நட்டு, தினமும் அந்தியில் விளக்கு வைப்பார்கள். நம் ஊரில் சுடுகாடு ஊருக்கு வெளியே. போய்விட்டு வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டோம். அத்தான் கையிலிருந்த இளநீர்க் காயைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். பிறகு நேராகக் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளிக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நானும் ஒன்று குடித்திருந்ததால் அவருக்கு அடுத்துக் கொப்பளிக்க நின்றேன்.

அக்கா மட்டும் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா எப்போது இறந்தார், எத்தனை வயது, இந்த மரத்துத் தேங்காயைக் கறிக்கு எடுப்பீர்களா, வீட்டை விற்றால் அம்மாவை என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்குச் சேச்சி விளக்குத் திரியை நிமிண்டிக்கொண்டே பதில் சொன்னார். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அந்த மூலையைத்தான், அங்கே கார் ஷெட் போட வேண்டும் என்பார்கள் என்றார். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அத்தான் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். சுடுகாட்டை விலைக்கு வாங்க முடியாது. “சொந்த வீட்டுல செத்தவங்கள வச்சுக்கிடணும்னு நெனச்சது நீங்கதானே?” என்று அக்கா கேட்டார். குத்திக்காட்டுவதற்காக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மறுநாள் அக்கா தனியாக வந்து, விலைக்கு வேண்டாம், வாடகைக்குத் தருவீர்களா, மரத்தைத் தொடமாட்டோம் என்று சேச்சியிடம் கேட்டார். சேச்சி மகளைக்கூடக் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டார். பதினொரு மாத ஒப்பந்தம். அது முடிந்ததும் வேறு வீடு பார்த்துவிடலாம் என்ற உறுதியின்பேரில்தான் அத்தான் பெட்டியைத் தூக்கினார்.

ஒப்பந்தம் முடிய முடியப் புதுப்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் அத்தான் வேறு வீடு பார்க்க வேண்டும் என்பார், அக்கா பார்க்கலாம் என்பார், வருஷங்கள் ஓடின. அத்தான் இந்த வளாகத்தில் மூன்று திசைகளில்தான் நடமாடினார். சேச்சி வெளியூர் போகிற நாட்களில் அக்கா விளக்கு வைப்பார். அவருக்குச் சேச்சியின் அம்மாவைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. அந்த அம்மாவுக்கு அயிலை மீன் கறி பிடிக்கும், மருமகனோடு பேச்சுவார்த்தை கிடையாது, இடிக்குப் பயம். உயிரோடு இருக்கும் என் மாமியாரைப் பற்றிக்கூட எனக்கு இவ்வளவு தெரியாது.

பிறகு அக்காவின் சிறுநீரகம் பழுதானது. டயாலிசிஸ் தொடங்கியது. தன் ரிப்போர்ட்டைத் தானே வாசித்து, யாருடையதோ போல எனக்கு விளக்கினார். மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று டெக்னீஷியனிடம் கேட்டு, அந்தப் பையனுக்கே பாடம் நடத்தினார். ஒரு கட்டத்தில் உடம்பு அதையும் தாங்கவில்லை. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் என்றால், எந்த வீட்டில்? அத்தானுக்கு அப்பாவின் தார்ப்பாய் நினைவு திரும்பி வந்துவிட்டது. நாகர்கோவிலில் என் வீடு சொந்த வீடு, அங்கே கொண்டுபோய்விடலாம் என்று கார் ஏற்பாடு செய்தார். அக்கா போக விரும்பவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இது சேச்சியின் வீடு, அதை எப்படி அவரிடம் போய்க் கேட்பது என்று யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. கஞ்சியோடு வந்த சேச்சியிடம் அக்காவே கேட்டார்.

“சேச்சி, எனக்கு இனி ரொம்ப நாள் இல்ல. இங்க வச்சே போகட்டுமா? இல்ல, தம்பி வீட்டுக்குப் போயிரட்டுமா? உங்க வீடு, நீங்கதான் சொல்லணும்.”

சேச்சி கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். அக்காவின் தலையணையைச் சரிசெய்தார். “நீ எவிடெயும் போகண்டா. அம்மைக்கு வர்த்தமானம் பறயான் ஒராளாயி” என்றார். எங்கேயும் போக வேண்டாம், அம்மாவுக்குப் பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் ஆச்சு என்று பொருள். தெற்கு மூலையைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உங்க அம்மைக்குத் தமிழ் தெரியுமா?” என்று அக்கா கேட்டார்.

சேச்சி யோசித்துப் பார்த்து, நாகர்கோவிலிலிருந்து அரிசி கொண்டு வருகிற பெண்களோடு பேசிப் பேசி அம்மாவுக்கு ஓரளவு தெரியும் என்று சொன்னார். அப்படியானால் சரி என்றார் அக்கா. இருவரும் சிரித்தார்கள். நான் வெளியே வந்து அழுதேன். அத்தான் டிரைவருக்குப் போன் செய்து, கார் வேண்டாம் என்றார்.

அந்த வாரத்திலேயே, ஒரு காலைப்பொழுதில், அக்கா இந்த வீட்டின் நடுக்கூடத்தில் அமைதியாக அடங்கினார். வாடகை வீட்டு வளாகத்தில் தகனமா என்று நம்மவர்கள் சிலர் தயங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். இனி இந்த இடம் விலை போகாது என்று சேச்சியின் மகளும் வருந்தினார். சேச்சி மகளிடம் சொன்னது, அப்படியானால் விற்கவில்லை என்று மட்டும்தான். அத்தான் கொள்ளி வைத்தார். எலும்பை எடுத்த இடத்தில், அம்மாவின் தென்னைக்குப் பக்கத்தில், சேச்சி ஒரு கன்றை நட்டார். பதினாறு நாள் காரியமும் இந்தக் கூரைக்குக் கீழேயே நடந்தது.

இந்தத் துயரத்தில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி சொல்லாமல் முடிக்க முடியாது. டயாலிசிஸ் பிரிவில் அக்காவின் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொன்ன பிள்ளைகளுக்கும், கடைசி நாட்களில் வந்து பார்த்த மருத்துவருக்கும், சிதைக்குத் தன் மாமரத்தை நாங்கள் கேட்காமலே வெட்டித் தந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், மாநகராட்சியில் ஆக வேண்டியதை முன்னின்று செய்த வார்டு உறுப்பினருக்கும், நாகர்கோவிலிலிருந்து வண்டி பிடித்து வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சேச்சிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தானிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ஆனால் போன வாரம், நினைவு நாளுக்காக அத்தானும் சேச்சியும் தெற்கு மூலையில் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, அத்தான் நிமிர்ந்து, எனக்கும் இங்கே கொஞ்சம் இடம் இருக்குமா என்று கேட்டாராம். சேச்சி இரண்டு தென்னைகளுக்கும் அப்பாலிருந்த வெறும் தரையைக் கண்ணாலேயே அளந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்.

“இடம் உண்டு அண்ணா. அவசரம் வேண்டா.”