சித்தியின் மறதி

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், அம்மாவின் தங்கை எங்கள் வீட்டில் தங்கி, உத்திரமேரூரில் மெழுகுவர்த்தி செய்யும் பயிற்சிக்குப் போய்வந்தாள். பயிற்சி முடிந்த கையோடு சித்திக்கு ஓர் ஆர்டரும் கிடைத்தது. ஒரு பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் விழாவில் பிள்ளைகள் கையில் பிடித்துக்கொண்டு பாடுவதற்கு நூறு சின்ன மெழுகுவர்த்திகள் வேண்டுமாம்.

அப்பாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. தினமும் இரண்டு முறை கரண்ட் போகும் ஊரில் இருந்துகொண்டு, மெழுகுவர்த்தியை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். “இந்த ஒரு தபா செஞ்சி பாரும்மா. சரியா வந்தா மேல பண்ணு” என்று மட்டும் சொன்னார். சித்திக்கு அதுவே போதுமாக இருந்தது.

பயிற்சி கொடுத்த டீச்சரம்மாவிடம் அச்சை ஒருநாள் இரவல் வாங்கிவந்தாள். புத்தகம் போல இரண்டாகத் திறக்கும் அலுமினிய அச்சு. உள்ளே விரல் நீளத்தில் இருபது குழிகள். துணியைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்து ஒவ்வொரு குழியிலும் தடவுவது என் வேலை. பிறகு சித்தி திரிநூலைக் கட்டி, அச்சை மூடி, உருக்கிய மெழுகை ஊற்றித் தண்ணீர்த் தொட்டியில் வைப்பாள். ஆறியபின் திறந்தால் இருபது வெள்ளைக் குச்சிகள் வரிசையாகப் படுத்திருக்கும்.

மூன்று முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்காம் முறை எனக்கு வேறு வேலை வந்துவிட்டது. தட்டில் சிந்தியிருந்த மெழுகு ஆறும் பதத்தில் விரல் நுனியை வைத்து எடுத்தால், விரலுக்கு ஒரு தொப்பி கிடைத்தது. பத்து விரலுக்கும் தொப்பி போட்டபின் எண்ணெய்த் துணியை எப்படிப் பிடிப்பது?

“எண்ண தடவிட்டியாடி?” என்று சித்தி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, “தடவிட்டேன் சித்தி” என்றேன்.

அந்த முறை அச்சு திறக்கவில்லை. கத்தியை நுழைத்து நெம்பியதும் ‘படக்’கென்று பிளந்தது. இருபதும் பாதிப் பாதியாக உடைந்து இருபுறமும் ஒட்டிக்கொண்டிருந்தன. கழனியிலிருந்து வந்த அப்பா அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தார்.

“இன்னாம்மா இது? எண்ண தடவலியா?”

சித்தி உடைந்த ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்து, குழியை விரலால் தடவிப் பார்த்தாள். விரலை நிமிர்த்தி ஒரு நொடி பார்த்தாள். நான் கதவோரமாக ஒதுங்கினேன். அப்பாவின் கை எனக்கு நன்றாகத் தெரியும்.

“நான்தான் மறந்துட்டேன் மாமா” என்றாள் சித்தி.

“இதையே மறந்தா இன்னா தொழில் பண்ணப் போற நீ?” என்று சொல்லிவிட்டு அப்பா கை கால் கழுவப் போனார்.

என்னைக் கேட்டதையும் நான் பதில் சொன்னதையுங்கூடச் சித்தி மறந்துவிட்டாள் என்று நினைத்து, சாமிக்கு நன்றி சொன்னேன். வெந்நீர் ஊற்றி அச்சைச் சுத்தம் செய்தவள், எண்ணெய்த் துணியை மறுபடி என்னிடமே நீட்டினாள். பயத்தில் நான் தடவிய எண்ணெயில், கடைசி நாற்பது மெழுகுவர்த்திகளையும் பழைய வேட்டியால் துடைத்துத் துடைத்துத்தான் கட்ட வேண்டியிருந்தது. நூறும் மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்த ஆர்டர் வந்தபோது அப்பா தடுக்கவில்லை. ஆனால் சித்திக்குக் கல்யாணமாகிப் போகும்வரை, வீட்டில் சாவி காணாமல் போனாலும் பால் பொங்கி வழிந்தாலும், “மெழுகு ஊத்தன கதைதான்” என்று அவர் சொல்லாமல் விட்டதில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும்விட நான் சத்தமாகச் சிரிப்பேன். சித்தியும் சிரிப்பாள். ஆனால் ஒருமுறைகூட அவள் என் பக்கம் திரும்பியதில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.