டிபன் டப்பாவில் காளவாசல் போன மூன்று ஹீரோக்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எழுமலையிலிருந்து மதுரை காளவாசலுக்குப் போய்வந்தேன். கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ இல்லை, பொம்மைப் போர் விளையாட. கட்டைவிரல் உயரப் போர்வீரர்களை மேசையில் நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டி அடித்துக்கொள்ளும் ஆட்டம். எனக்கு வயது நாற்பத்தெட்டு. சிரிப்பவர்கள் இங்கேயே சிரித்துவிடலாம்.

அவசரமாகப் போனதற்குக் காரணம் உண்டு. எங்களுக்குத் தன் காளவாசல் வீட்டில் மேசை தரும் கணக்கு வாத்தியார் ஜெயசீலன் சார், இனி ஹீரோ பொம்மையே கூடாது என்று சட்டம் போடப்போவதாகச் சொல்லியிருந்தார். ஹீரோ என்றால் ஒற்றை ஆளாக இருபது சிப்பாயைச் சாய்க்கும் பொம்மை. என்னிடம் இருப்பதே மூன்று ஹீரோதான். வெள்ளெழுத்துக் கண்ணை வைத்துக்கொண்டு நாற்பது சிப்பாய்க்குப் பெயிண்ட் அடிக்க எனக்கு ஆகாது. சட்டம் வந்தால் நான் வேடிக்கை பார்க்கத்தான் லாயக்கு.

காலை ஏழு மணி பஸ். உசிலம்பட்டி வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பஞ்சு சுற்றிய ஹீரோக்கள் மடியில், டிபன் டப்பாவில். டப்பாவை மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம் உள்ளே ராஜா இருக்கிறார் என்றேன். "அப்ப ராஜாவுக்கும் சேத்து டிக்கெட் எடுங்கண்ணே" என்றார்.

சார் டீ கொடுத்துவிட்டுக் கதையை ஆரம்பித்தார். ஆதியில் தளபதியும் கொடி பிடிக்கிற ஒரு பொம்மைதானாம், ஓர் அடி பட்டால் காலி. பிறகு, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக் கதையாக விளையாடுகிறவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். தன் ஆளுக்குப் பேர் வேண்டும், தனி வாள் வேண்டும், கூடுதல் உயிர் வேண்டும் என்றார்கள். விதி எழுதியவர்களும் கொடுத்தார்கள். விற்கிறவர்களுக்கும் பெரிய பொம்மை நன்றாகப் போனது. இப்போது ஒருத்தன் அடிக்கிறான், படை நின்று பார்க்கிறது என்று வருத்தப்பட்டார்.

"நம்ம ஊர்க் கட்சி மாதிரியா சார்?" என்றேன்.

ஹீரோ இல்லாமல் ஒரு ஆட்டம் போட்டுப் பார்ப்போம் என்று எனக்கும் நாற்பது சிப்பாய் இரவல் தந்தார். அடுக்கவே ஒரு மணி நேரம். ஒவ்வொருத்தனையும் அளந்து நகர்த்தினோம். நடுவில் சோறு ஆறுகிறது என்று சார் வீட்டம்மா மூன்று தடவை கூப்பிட்டார். சாப்பிட்டு வந்தும் அளந்தோம். மணி மூன்று ஆகியும் இரண்டு படையும் தொட்டுக்கொள்ளவில்லை. நாலு மணிக்குச் சாருக்குச் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி, எனக்குப் பஸ்.

"சார், இம்புட்டுப் பேரும் நடந்து வாரதுக்குள்ள நான் எழுமலைக்கே நடந்துருவேன்."

சார் கடிகாரத்தைப் பார்த்தார், டேப்பைச் சுருட்டினார். "இந்த ஹீரோவெல்லாம் ஏன் பெருகுனான்னு இப்பத்தாண்ணே புரியுது. எல்லாருக்கும் சாயங்காலம் வீட்டுக்குப் போகணும்ல. சரி, ஆளுக்கு ஒண்ணு மட்டும். டப்பாவைத் திறங்க."

எனக்கு மூச்சு வந்தது. அவரோ பீரோவிலிருந்து ஒரு ஹீரோவை எடுத்து வந்தார். பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை. "சட்டம் போடுற ஆளு வீட்டுலயா சார்?" என்றேன். காதில் விழாத மாதிரி பகடையை உருட்டினார். அரை மணி நேரத்தில் என் ராஜா செத்தார். இம்புட்டுச் சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை.

பொம்மையோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரும்போது காளவாசலிலேயே இறங்கலாம். திரும்பும்போது அங்கே ஏறினால் நிற்கத்தான் வேண்டும், பஸ் கிளம்புகிற ஆரப்பாளையம் போய் ஏறுங்கள். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. செத்த ராஜா பஞ்சுக்குள் நிம்மதியாகப் படுத்திருந்தார். வேலை போகவில்லையே அவருக்கு.