பீரோவில் தூங்கிய கிராஃபிக்ஸ் கார்டு

என் கணவருக்குக் கத்தாரில் வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்கு மத்தியானம் அவர் அங்கேயும் நான் அறந்தாங்கியிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரே கேமில் காடுமேடெல்லாம் சுற்றுவோம். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து ஊர் சுற்றியதைவிட அந்தக் காட்டில் சுற்றியதுதான் அதிகம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

என் கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு பழசு. படம் அடிக்கடி அப்படியே நின்றுவிடும். புதுசு வாங்குவதென்று முடிவானதும் ஒரு மாதம் சண்டை.

"பாதி விலையில நடுத்தரமா ஒண்ணு வாங்கி, மூணு வருசம் கழிச்சு மாத்திக்கலாங்க. அதுதான் லாபம்" என்றேன்.

"போ புள்ள, ஒசத்தியா ஒண்ணு வாங்கிட்டா ஆறேழு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்" என்றார்.

நான் விடுவேனா? ஒப்பிட்டுப் பேசும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். கரண்டு எவ்வளவு இழுக்கும், பழசாக விற்றால் என்ன தேறும், எல்லாம் எனக்கு அத்துப்படி. கடைசியில் அவர்தான் ஜெயித்தார். ஊருக்கு வந்த நண்பரிடம் உயர்ரகக் கார்டைக் கொடுத்தனுப்பினார்.

நான் என்ன செய்தேன்? பீரோவில் வைத்துப் பூட்டினேன். எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். வெளிநாட்டிலிருந்து வரும் நல்ல சாமானை, அனுப்பியவர் வந்துதான் பிரிக்க வேண்டும். கம்பளி, சென்ட், டின்னர் செட் என்று எல்லார் வீட்டு பீரோவிலும் ஏதாவது காத்துக் கிடக்கும். பிரிக்காத பெட்டிக்கு விலை குறையாது என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. அவர் கேட்கும்போதெல்லாம், "மாட்டிவிடுற ஆளு இன்னும் வரலைங்க" என்று சமாளித்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து லீவில் வந்தார். பெட்டியைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். பில்லைப் பார்த்தார். வாரண்டியில் பாதி ஓடிப்போயிருந்தது. அதே விலைக்கு அதைவிட நல்ல கார்டும் கடைக்கு வந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"ஒனக்குப் படம் நின்னு போறப்பல்லாம் நான் என்ன செய்வேன் தெரியுமா? கேம்ல ஒன் ஆளு பக்கத்துலயே நிப்பேன், மிருகம் எதுவும் வந்து அடிச்சிரக் கூடாதுன்னு. நீ அசையிற வரைக்கும் அங்கிட்டு இங்கிட்டு நகர மாட்டேன். என் வெள்ளிக்கிழமை பாதி அப்படியே போயிரும்" என்றார்.

எத்தனை கணக்குப் போட்டேன்! இந்த மனுசன் நின்ற நேரம் எந்தக் கணக்கிலும் வரவில்லையே.

"நான் ஒரு கூறுகெட்டவங்க" என்று அழுதேன்.

"அழுகையை அப்பறம் வச்சுக்க. ஸ்குரூ டிரைவரை எடு" என்றார்.

அன்றைக்கே மாட்டினோம். அவர் திரும்பிப் போய்விட்டார். இப்போது என் பக்கம் ஒரு தடங்கலும் இல்லை. அவரிடம் இருப்பதுதான் பழைய லேப்டாப்; நல்லதை எனக்கு அனுப்பிவிட்டு அதை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். போன வெள்ளிக்கிழமை ஆற்றைக் கடக்கும்போது அவர் ஆள் பாதித் தண்ணீரில் அசையாமல் நின்றுவிட்டது. நான் கரையேறியிருந்தேன். திரும்ப இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.