கொழும்பில் ஒரு குலவை

மஸ்கெலியா கோவிலில் அம்மா குலவை போடும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொழும்பு மண்டபம்தான் ஞாபகம் வரும்.

அப்போது எனக்குப் பத்து வயது. தேயிலைக் கொழுந்து பறித்த கறை போகாத கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, அம்மா பரதநாட்டியம் பார்க்கப் போனாள். ஆட்டம் உச்சத்துக்கு வந்ததும், எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் போடுவதுபோல ஓங்கிக் குலவை போட்டுவிட்டாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"தோட்டத்து ஆக்கள் போல" என்று முன்வரிசைக்காரர் ஒருவர் சிரித்தார்.

"ஆமாங்க, தோட்டந்தான். புள்ள இம்புட்டு அழகா ஆடுது, வாயை மூடிக்கிட்டா இருக்கச் சொல்றீங்க?" என்ற அம்மா, மறுபடியும் போட்டாள். மேடையில் ஆடிய அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

இப்போது, வருகிற மாதம் அதே மேடையில் என் மகள் ஆடுகிறாள். அம்மாவுக்கு முன்வரிசையில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். அதுவரை தொண்டை கட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.