பெற்றவள் வந்தபோது

கல்யாணமாகிப் பல வருடங்கள் எங்களுக்குக் குழந்தை இல்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்சாலையில் எனக்குச் சூளை வேலை. அறுபதுகளின் கடைசியில் ஒருநாள், மாதா கோயிலை ஒட்டியிருந்த கன்னியர் மடத்திலிருந்து மதர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். துணியில் சுற்றிய ஒரு பெண்குழந்தையை என் மனைவியின் மடியில் வைத்தார்.

"பெத்த பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆவல. திட்டக்குடிக்கு அந்தாண்ட, மங்களூர்னு ஒரு ஊரு பக்கம். புள்ளையோட வந்தா வூட்டுல சேக்க மாட்டாங்களாம். நீங்க வளருங்க. ஆனா அவ என்னிக்காவது வந்து கேட்டா, நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம். மடியில் குழந்தை இருக்கும்போது எதற்குத்தான் தலையாட்ட மாட்டோம்? ஆறே மாதத்தில் மதர் சொன்னது இருவருக்கும் மறந்துவிட்டது. நான் வேலை முடிந்து வரும்போது என் தலைமுடியில் வெள்ளைமண் படிந்திருக்கும். குழந்தை நடக்கத் தொடங்கியதும் வாசலுக்கே வந்து, என்னைக் குனியச் சொல்லி, இரண்டு கையாலும் அதைத் தட்டிவிடுவாள். தட்டி முடியும்வரை நான் உள்ளே போகக்கூடாது.

அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தபோது மதர் எங்களை ஓரமாக அழைத்துப் போனார். மடத்துத் தாழ்வாரத்தில் ஒரு இளம்பெண்ணும் ஒரு ஆணும் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் என் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். உடனே பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டாள். அந்த ஒரு பார்வையே எனக்குப் போதுமாக இருந்தது.

குழந்தையைப் பெற்ற இவர்கள் இருவருக்கும் இப்போது கல்யாணம் ஆகிவிட்டது, பெரியவர்களும் ஒத்துக்கொண்டார்கள் என்றார் மதர். "நான் ஒங்கள கட்டாயப்படுத்தல. முடியாதுன்னா சொல்லுங்க, அனுப்பிடுறேன். புதங்கிழம காலைல பதில் சொன்னா போதும்."

என் மனைவி குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் துணிகளை மூட்டை கட்டினாள். "எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடலாம். புதங்கிழம காலைல ரயில் இருக்குது. ஆள் இல்லேன்னா என்ன பண்ணுவாங்க?"

"சரி" என்றேன். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. மூட்டை கதவோரம் உட்கார்ந்திருந்தது. குழந்தை அதன்மேல் ஏறி விளையாடினாள்.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் சூளை வாயில் நின்றபடி ஜெபித்துக்கொண்டே இருந்தேன். இந்தக் குழந்தை எங்களிடமே இருக்கவேண்டும் என்று ஆரம்பித்த ஜெபம், கொஞ்சம் கொஞ்சமாக வேறெங்கோ போனது. அவர்களுக்குள் சண்டை வரட்டும். அவன் அவளை விட்டுப் போகட்டும். அவளுக்கு ஏதாவது ஆகட்டும். கடைசியாகச் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அடுக்கிக்கொண்டிருந்த கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு பெண்ணின் சாவைக் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் கோயிலுக்குப் போனேன். உள்ளே யாரும் இல்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினேன். "உம்முடைய சித்தம்" என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. சிறுவயதிலிருந்து தினமும் சொல்லி வந்த வார்த்தை. மறுபடி முதலிலிருந்து சொன்னேன், மறுபடி அங்கேயே நின்றது. உம் விருப்பப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டால் கடவுள் குழந்தையை எடுத்துக்கொள்வார் என்ற பயம். கடைசியில், "ஆண்டவரே, எனக்கு மனசில்ல. மனசில்லாமத்தான் சொல்றேன். நீர் கேக்குறதைக் குடுத்துடுறேன்" என்று சொல்லி அழுதேன். எந்த ஆறுதலும் வரவில்லை. இதை என் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்ற பயம்தான் வந்தது.

வீட்டில் அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"அந்தப் பொண்ணு வந்தா."

"இங்கயா?"

"எதுத்த வேப்பமரத்தடியில நின்னுக்கினு பாப்பா வெளயாடுறதையே பாத்துக்கினு இருந்தா. கிட்ட வரல. நான்தான் வாடின்னு கூப்புட்டு தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டு, தொட்டுப் பாக்கட்டுமாக்கான்னு எங்கிட்ட கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"அவ பெத்த புள்ளைய அவ தொட எங்கிட்ட கேக்குறா. நான் என்ன சொல்றது?"

நான் பேச வாயெடுத்தேன். "எதுவும் சொல்லாதீங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றாள்.

புதன்கிழமை காலை அவள் குழந்தையைக் குளிப்பாட்டி, கிறிஸ்துமஸ் கவுனைப் போட்டுவிட்டாள். மூட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். தெருமுனையில் இடப்பக்கம் போனால் ரயில் நிலையம், வலப்பக்கம் போனால் கோயில். அங்கே ஒரு நிமிடம் நின்றாள். நான் பின்னாலேயே நின்றேன். இழுத்துக்கொண்டு போகவும் எனக்குத் தைரியமில்லை, தடுக்கவும் தைரியமில்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வலப்பக்கம் திரும்பினாள்.

மடத்துத் தாழ்வாரத்தில் அந்தப் பெண் காத்திருந்தாள். குழந்தை என் மனைவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று கத்தினாள். என் மனைவியே அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "சாப்பாட்டுல காரம் கொஞ்சமா போடு. அழுதா முதுகத் தட்டு, பேசாத. தானா தூங்கிடும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் அவள் காலில் விழப்போனாள். "வேணாம், பஸ்ஸுக்கு நேரமாவுது, போ" என்று தூக்கிவிட்டாள்.

அதன்பிறகு சமாதானம் உடனே வந்துவிடவில்லை. பல மாதங்கள் என் மனைவி ஜெபமாலையைத் தொடவில்லை. நான் தனியாகச் சொல்வேன், அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒருநாள், நான் பாதியில் தடுமாறியபோது, அடுத்த வரியை அவள் எடுத்துக் கொடுத்தாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மதர் மறுபடி ஆளனுப்பினார். இந்தமுறை ஆண்குழந்தை.

"யாராவது வந்து கேட்டா இதையும் குடுக்கணுமா மதர்?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஆமாம்மா. குடுக்கணும்."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு கையையும் நீட்டினாள். "சரி, குடுங்க."

அவனைக் கேட்டு யாரும் வரவில்லை. எங்களிடமே வளர்ந்தான்.